மோட்டார் நிறுத்து

அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோருடனும் பேசுகிற ஒரே ஆள் நான்தான். எனக்குப் பதினோரு வயது. பேசுவதை ஒரு வேலை என்று யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. காலையில் பல் விளக்குவதற்கு முன்பே தொடங்கி, பொழுது சாய்ந்து கை கால் கழுவும்வரை பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அலுப்புத் தெரியும்.

வடகரப்பதியில், தமிழ்நாட்டுக்கு வெளியே, ஆனால் அதன் எல்லையைச் சைக்கிளிலேயே தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் எங்கள் தோட்டம். தோட்டத்துக்கு நடுவே வீடு. அதை ஒரு வீடு என்று சொல்வது பழக்கத்தால் வருவது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாகம் பிரித்தபோது கூடத்தின் குறுக்கே செங்கல்லில் ஒரு சுவர் எழுப்பிவிட்டார்கள். வாசல் இரண்டு, சமையல்கட்டு இரண்டு, மேலே ஓடு மட்டும் ஒன்று. நிலத்துக்கும் நடுவில் வரப்புப் போட்டாகிவிட்டது. பிரிக்க முடியாமல் மிஞ்சியது போர்வெல். கிணறு எப்போதோ வற்றிவிட்டதால் இரண்டு பாகத்துக்கும் அந்த ஒரு குழாய்த் தண்ணீர்தான். ஒரு நாள் எங்களுக்கு, ஒரு நாள் அவர்களுக்கு என்று முறை வைத்திருந்தார்கள்.

முறை வைப்பது சுலபம். மும்முனைக் கரண்டு அந்த முறைப்படி வர வேண்டுமே. வந்தால் வரும், போனால் போகும். எங்கள் முறையில் கரண்டு போய், அவர்கள் முறையில் திரும்பி வரும். போன நேரத்துக்கு ஈடு யார் தருவது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மாசி மாதத்து மத்தியானம் அப்பாவும் பெரியப்பாவும் மோட்டார் ரூமில் பேசினார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவருமே வீட்டில் சொல்லவில்லை. அன்றிலிருந்து பேச்சு நின்றுபோயிற்று.

பேச்சு நின்றாலும் தண்ணீர் பாய வேண்டுமல்லவா? மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி பெரியப்பா பாகத்துப் பின்கட்டில் இருந்தது. பாகம் பிரிப்பதற்கு முன்பே அங்கே மாட்டியது. முட்டி தேய்ந்து, அதிகம் நடக்க முடியாமல் பெரியப்பா பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பார். எனவே பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் அவர் கையில். வயலில் மண்வெட்டியோடு நிற்கும் அப்பாவுக்குத் தண்ணீர் எப்போது வேண்டும், எப்போது போதும் என்பது தெரியும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் வரப்பிலிருந்து அப்பாவின் குரல் வரும்.

“அம்முணி! தண்ணி கடைமடைக்குப் போயிருச்சு. மோட்டார நிறுத்தச் சொல்லு. மெல்லப் போகச் சொல்லு, கால் வலிக்காரரு, எந்திரிச்சு ஓடப் போறாரு.”

நான் சுவரைச் சுற்றி ஓடி, பெரியப்பாவின் பின்கட்டில் மூச்சு வாங்க நின்று, “பெரியப்பா, மோட்டார நிறுத்துவீங்களாமுங்க” என்பேன். கால் வலிக்காரர் என்பதையெல்லாம் சொல்ல மாட்டேன். அது சேதியில் சேராது என்பது என் கணக்கு. சேதி என்றால் மோட்டாரைப் போடுவது, நிறுத்துவது, எத்தனை மணி நேரம் என்பது. மற்றதெல்லாம் என் மூச்சுக்கு வீண். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடுகிறவளுக்கு இந்தச் சிக்கனம் தானாகவே வந்துவிடும்.

போன் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. போனில் பேசினாலும் அது பேச்சுத்தானே?

அந்த நிலைமையில்தான் அக்கா லீவுக்கு வந்தாள். பெரியப்பாவின் ஒரே மகள். கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்த இரண்டாம் நாள், பெரியப்பாவிடம் ஆறாவது தடவையாகச் சேதி சொல்லப் போன நான், அவர் குளித்துவிட்டு வரட்டும் என்று புண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு போய்விட்டது. அப்பா அங்கே கத்த, பெரியப்பா இங்கே கத்த, இரண்டு பேரும் என்னிடம்தான் கத்தினார்கள். ஒருவரிடம் ஒருவர் கத்த முடியாதே.

அக்கா என்னைத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“ஏனம்முணி, தெனமும் இப்படித்தான் அலையறயா?”

நான் அழுதேன். அவள் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு, “உங்க ஊட்ல ஒன்னு கெடக்குதே, அது ஓடுதா?” என்று கேட்டாள்.

ஓடியது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கடைக்குப் புதுசு வாங்கியபோது பழையதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் நான் சீட்டு விளையாடுவேன், பூ வரைவேன். வேறு உபயோகம் இல்லை. எங்கள் பக்கத்தில் இன்டர்நெட் அப்போது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் இன்டர்நெட் வேண்டியதே இல்லை என்றாள் அக்கா. இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு கேபிள் இழுத்தால் போதும். இந்தப் பக்கம் தட்டுவது அந்தப் பக்கம் தெரியும். அதற்கான சின்ன புரோகிராம் அவள் காலேஜ் சி.டி.யில் இருந்தது.

இரண்டு பெரியவர்களிடமும் அனுமதி வாங்க வேண்டும். நான் அதுவரை கொண்டுபோன சேதிகளிலேயே அன்றைக்குக் கொண்டுபோனதைத்தான் நன்றாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். இனி ஓட வேண்டாம் என்கிற ஆசை ஒருவரை நல்ல பேச்சாளி ஆக்கிவிடுகிறது.

“பேச வேண்டியதில்லையே? எழுதினாப் போதுமில்ல?” என்று மட்டும் கேட்டார் பெரியப்பா.

“எழுதறதுன்னா எழுதலாம்” என்றார் அப்பா.

கேபிளை அக்கா கொழிஞ்சாம்பாறையிலிருந்து வாங்கி வந்தாள். சுவரில் ஓட்டை போட யாருக்கும் மனம் வரவில்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உத்திரம் போகிற இடத்தில் கை நுழைகிற சந்து இருந்தது. நான் ஏணியில் ஏறி, சிலந்தி வலையோடு கேபிளை அந்தப் பக்கம் தள்ளினேன். அக்கா அங்கிருந்து இழுத்துக்கொண்டாள்.

அப்புறம் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அக்கா தட்டுவாள், நான் என் பக்கத்தில் திரையையே பார்த்திருப்பேன், ஒன்றும் வராது. கத்திக் கேட்பாள். “இல்லீங்க்கா” என்று கத்துவேன். முதலில் கேபிள் சரியில்லை என்றாள். இரண்டு கம்ப்யூட்டரை நேராகச் சேர்ப்பதென்றால் கிராஸ் கேபிள் வேண்டுமாம். கடைக்காரர் கொடுத்தது வேறு மாதிரி. ஒரு முனையை வெட்டி, உள்ளே இருந்த எட்டுச் சின்னக் கம்பிகளையும் பிரித்து, பச்சை இருந்த இடத்தில் ஆரஞ்சு, ஆரஞ்சு இருந்த இடத்தில் பச்சை என்று மாற்றி வைத்து, சினேகிதியிடம் கடன் வாங்கிய பிளையரால் ஜாக்கை அழுத்தினாள். நான்கு ஜாக் வீணாகி ஐந்தாவது பிடித்தது. மூலையில் பச்சை விளக்கு மினுக்கியது. ஆனாலும் சேதி வரவில்லை.

மூன்றாம் நாள் காலை அக்கா எங்கள் பக்கத்துக்கே வந்து என் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். எந்தெந்த ஜன்னலையோ திறந்தாள். ஐ.பி. நம்பர் என்று புள்ளி வைத்த ஒரு நம்பரைப் போட்டாள். “முன்னால எல்லாம் ஒன்னா இருக்கோணும், கடைசி நம்பர் மட்டும் மாறோணும். ஒரே தெரு, வேற கதவு மாதிரி” என்றாள். ஃபயர்வாலை அணைத்தாள். பிறகு ஓர் இடத்தில் நின்று சிரித்தாள். இரண்டு கம்ப்யூட்டரும் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை என்று ஒரு பெயர் போட வேண்டுமாம். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால்தான் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளும். அவளுடையதில் காலேஜ் பெயரும் என்னுடையதில் மாமா கடையின் பெயரும் இருந்தன. என்ன பெயர் போடலாம் என்று கேட்டாள். எங்கள் தோட்டத்துக்குப் பாகம் பிரிப்பதற்கு முன்னால் ஒரு பெயர் இருந்தது. அதைச் சொன்னேன். என்னுடையதில் அதைப் போட்டுவிட்டு, தன் பக்கம் திரும்பிப் போய் அவளுடையதிலும் அதையே போட்டாள்.

டிங் என்றது. திரையின் மூலையில் சின்ன ஜன்னல் திறந்து, “sapttiya?” என்று வந்து நின்றது. நான் குதித்த குதியில் சமையல்கட்டிலிருந்து அம்மா ஓடி வந்துவிட்டாள். அன்று முழுக்க நானும் அக்காவும் சுவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, வாயால் பேசியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும் பேச்சைப் பொழுது சாயும்வரை தட்டிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு, கம்ப்யூட்டரைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு, அக்கா கிளம்பிவிட்டாள், லீவு முடிந்துவிட்டது. கிளம்பும் அவசரத்தில் என்னிடம் ஒரு வேலை சொன்னாள். அந்த மெசேஜ் ஜன்னலில் தமிழ் எழுத்து வராது. அப்பா படித்ததோ ஏழாவது, அதுவும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். இங்கிலீஷ் எழுத்துகளை உரமூட்டையில் பார்த்துப் பார்த்துத் தனித்தனியே தெரிந்து வைத்திருந்தார், சேர்த்து எழுத வராது. அதனால் அவருக்கு வேண்டிய வார்த்தைகளை எல்லாம் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கம்ப்யூட்டர் மேல் ஒட்டிவிடு, பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொள்வார் என்றாள்.

பழைய நோட்டு அட்டையைக் கிழித்து எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் தமிழில், அதற்கு நேரே இங்கிலீஷ் எழுத்தில். MOTOR PODUNGA. MOTOR NIRUTHUNGA. இரண்டாவது வரியிலேயே அட்டை போதவில்லை. கடைசி எழுத்து ஓரத்தில் மடங்கிக்கொண்டு நின்றது. இன்னும் எட்டு வரி இருந்தது. மூன்று நாள் ஏணி ஏறி இறங்கிய கை வலித்தது. அட்டையைத் திருப்பிப் போட்டு, வேறு மாதிரி எழுதினேன். MOTOR PODU. MOTOR NIRUTHU. ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டப்போகிற அப்பாவுக்கு ஒவ்வொரு தடவையும் மூன்று எழுத்து மிச்சம். அவருக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ‘ங்க’ என்பது பேச்சில் தனியாகத் தெரிவதே இல்லை. மூத்தவர் யாராக இருந்தாலும் சொல்லின் வாலில் அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கோபத்தில் கத்தும்போதுகூட “போங்க, போய்ச் சேருங்க” என்றுதான் கத்துவார்கள். தம்பி அண்ணனிடம் அது இல்லாமல் பேசினான் என்றால், கைநீட்டி அடித்தான் என்பதற்கு ஒரு படி குறைவு. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அது பேசும்போது வருவது. எழுதும்போது, அதுவும் இங்கிலீஷ் எழுத்தில், அதற்கு என்ன வேலை இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

அன்று மத்தியானம் எங்கள் முறை. அப்பா வயலிலிருந்து வந்து, கால் கழுவி, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அட்டையைப் பார்ப்பார், பொத்தானைத் தேடுவார், ஆட்காட்டி விரலை மேலே தூக்கி ஒரு குத்து. என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தால் அதற்குள் நான் மூன்று முறை போய் வந்திருப்பேன். அவர் முடிக்கும்போது மறுபக்கத்தில் பார்ப்பதற்காக நான் முன்னாலேயே ஓடிப்போய்ப் பெரியப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

டிங்.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். MOTOR NIRUTHU என்று இருந்தது. நேரம் ஆகிக்கொண்டிருந்தது, அவர் எழுந்திருக்கவில்லை.

“இது உங்கொப்பன் அடிச்சதா?”

“ஆமாங்க பெரியப்பா. அவரே அடிச்சாருங்க. ஒரே வெரல்ல” என்றேன் பெருமையாக.

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பின்கட்டுக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து SARI என்று தட்டினார். அவருக்கு அட்டை வேண்டியிருக்கவில்லை. பத்தாவதுவரை படித்தவர்.

அன்றிலிருந்து என் வாழ்க்கை மாறிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தோசை தின்றேன். சைக்கிள் விட்டேன். பகலிலேயே தூங்கினேன். டிங் என்கிற சத்தம் எங்கள் பக்கத்தில் கேட்டால் அது பெரியப்பாவின் SARI. வேறு எதுவும் அவர் அனுப்பியதில்லை. அப்பா CURRENT VANDHURUCHU MOTOR PODU என்பார். SARI. INNUM ORU MANI NERAM VIDU என்பார். SARI. முன்பெல்லாம் நான் ஒரு சேதி கொண்டுபோனால் பெரியப்பா ஒன்பது கேள்வி கேட்பார். நேத்து ஏன் அரை மணி அதிகம் ஓடியது, இப்போது யார் முறை, உங்கொப்பனுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா தெரியாதா. அத்தனைக்கும் நான் பதில் வாங்கி வர வேண்டும். கம்ப்யூட்டரிடம் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். கேள்வி கேட்டால் தட்ட வேண்டுமே, அந்த அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றைக் கவனித்தேன், ஆனால் அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. வாயால் சொன்ன சொல் சொன்னதோடு போய்விடுகிறது. அந்த ஜன்னலில் சொன்னதெல்லாம் வரிசையாக நின்றது. நேற்றையது, முந்தாநாளையது, போன வாரத்தது. கருவேப்பிலை வாங்கவோ தயிருக்கு உறை வாங்கவோ நான் போகிறபோது, பெரியப்பா அந்த வரிசையை மேலே ஏற்றி, கீழே இறக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை பெரியம்மா அவர் தோளுக்குப் பின்னால் நின்று, “இதுல என்னங்க இருக்குது, தண்ணிச் சமாச்சாரந்தானே?” என்று கேட்டாள். “ஒன்னுமில்ல” என்றார்.

சுவருக்கு எங்கள் பக்கத்தில் வேறு விதமாக இருந்தது. தக்காளி அந்த முறை நன்றாகப் பிடித்திருந்தது. தண்ணீர் நேரத்துக்குக் கிடைத்தது. அப்பாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவிடம் சொன்னார்.

“அண்ணன் முன்ன மாதிரி இல்ல. ஒரு சொல்லுக்கு மறுசொல்லு இல்லாம சரின்னு போட்டுடறாரு. பாவம், அந்தக் காலை வெச்சுக்கிட்டு. வெள்ளிக்கெழம நானே போய்ப் பேசிடலாமுன்னு இருக்கேன்.”

அம்மா பரிமாறுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். “ஏனுங்க, இன்னைக்கே போனா ஆகாதுங்களா?”

“வெள்ளிக்கெழம போறேன்” என்றார் அப்பா. நல்ல காரியத்துக்கு நல்ல நாள். அவ்வளவுதான் அதில் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் நான் பெரியம்மாவிடம், உறை வாங்கிய தூக்குப் போசியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பெரியப்பா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

“அம்முணி, இங்க வா. முன்னெல்லாம் நீ வந்து சொல்லுவயே, அப்ப உங்கொப்பன் உன்கிட்ட எப்படிச் சொல்லி அனுப்புவான்?”

எனக்குக் கேள்வி புரியவில்லை.

“அவன் சொன்னதச் சொன்னபடிக்குச் சொல்லு. ஒரு சொல்லு கூட்டாம, கொறைக்காம.”

இது எனக்குப் பெருமையாக இருந்தது. என் தொழிலைப் பற்றி ஒருவர் மரியாதையோடு விசாரிக்கிறார். நிமிர்ந்து நின்று, “‘மோட்டார நிறுத்தச் சொல்லு’ன்னு சொல்லுவாருங்க” என்றேன். அதற்குப் பின்னால் வருகிற, நான் ஒருநாளும் சுமந்து போகாத அந்த மீதியைப் பற்றிய நினைவே எனக்கு வரவில்லை. அது சேதியில் சேராதது.

“அப்ப, நிறுத்துவீங்களாமுங்கன்னு நீ வந்து சொல்றது?”

“அது நானாச் சொல்றதுங்க பெரியப்பா.”

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது எனக்கு ஒரு பயம் வந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது அந்தப் பயம். இந்தக் கம்ப்யூட்டரில் ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டார், இதை அணைத்துவிட்டு மறுபடியும் என்னை ஓடவிடப்போகிறார் என்று தோன்றியது. அதனால் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். “இதுல வர்றது அப்பா சொல்றது மாதிரியேதானுங்க பெரியப்பா. நான் சொல்றதவிட இதுதானுங்க கரெட்டு.”

“நெசமாவா கண்ணு?”

“நெசமாத்தானுங்க.”

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். அப்பா வெள்ளிக்கிழமை வரப்போகிறார் என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் சொல்லச் சொல்லாத எதையும் நான் சொன்னதில்லை. அந்த ஒழுங்கில் ஒன்பது மாதம் பழகியிருந்தேன்.

“செரி, போ. போய் வெளையாடு” என்றார் கடைசியில்.

வெள்ளிக்கிழமை அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்தார். வெளுத்த வேட்டி கட்டினார். வெறுங்கையோடு போக வேண்டாம் என்று அம்மா ஒரு கூடைத் தக்காளியைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள். அப்பா கூடையோடு வாசற்படி இறங்கும்போது ரோட்டிலிருந்து லாரிச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, இரண்டு. முன்னால் வந்ததன் முதுகில் போர் போடும் இரும்புக் கோபுரம் படுத்திருந்தது. இரண்டும் எங்கள் வாசலைத் தாண்டி, பெரியப்பாவின் பாகத்துக்குள் திரும்பின.

தன் நிலத்தில் தனியாகப் போர் போட ஏற்பாடு செய்திருந்தார் பெரியப்பா. வரப்பிலிருந்து பத்தடி தள்ளி.

அப்பா கூடையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றார். கோபுரம் நிமிர்ந்தது. இரைச்சல் தொடங்கியது. சாம்பல் நிறத்துப் பொடி கிளம்பிக் காற்றோடு வந்து எங்கள் தக்காளிச் செடிகள்மேலும், அப்பாவின் வேட்டிமேலும், கூடைமேலும் படிந்தது. அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“இதுக்குத்தான் வாயே தொறக்காம சரி சரின்னு போட்டுக்கிட்டிருந்தாராட்ட இருக்குது” என்றார். அம்மா கூடையை எடுத்துக் கழுவப் போனாள்.

சாயங்காலம் அந்தப் பக்கம் தண்ணீர் பீறிட்டது. இரைச்சலுக்கு மேலே ஆட்கள் சத்தம் போட்டது கேட்டது. அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் எதையும் தட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அடுத்த வாரமே லைன்மேன் வந்து, இனி எங்களுக்கு மட்டும் என்றாகிவிட்ட பழைய போரின் ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழற்றி எங்கள் பக்கம் மாட்டிக் கொடுத்தார்.

பிறகு நடந்தவை மெதுவாக நடந்தன. இரண்டு போரும் ஒரே ஊற்றைத்தான் உறிஞ்சியிருக்க வேண்டும். இரண்டு கோடையில் எங்களுடையது மண்ணைத் துப்பத் தொடங்கியது, அதற்கடுத்த கோடையில் அவர்களுடையது. அப்பா தக்காளியை விட்டுச் சோளத்துக்குப் போனார், சோளத்தை விட்டுச் சும்மா போட்டார். பெரியப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, எங்கள் தாலுக்கா டவுனான சித்தூருக்குக் குடிபோனார். அக்காவின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அப்பா போய், பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிடாமல் திரும்பினார். இப்போது இருவருக்கும் வயதாகிவிட்டது. எங்காவது விசேஷத்தில் எதிர்ப்பட்டால் தலையசைத்துக்கொள்கிறார்கள்.

நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒருமுறை கேட்பார். “அண்ணனுக்கு அப்ப என்ன கோவமுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல அம்முணி. நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துது?” நான் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் பயணக் களைப்பு என்று ஏதோ ஒன்று குறுக்கே வந்துவிடுகிறது. அவர் டி.வி.யின் சத்தத்தைத் திரும்பக் கூட்டுவார்.

அக்காவிடம் மட்டும் ஒருமுறை போனில் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “அப்பா உன்கிட்ட ரெண்டு தடவை கேட்டாருன்னா சொல்றே?” என்றாள்.

ஆமாம், இரண்டு தடவை. “நெசமாவா கண்ணு?” என்று கேட்டுவிட்டு, துடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் மடியில் வைத்தபடி அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லீங்க பெரியப்பா, அப்பா அப்படிச் சொல்ல மாட்டாருங்க என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று அவர் காத்திருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பிக்கொண்டு லாரிக்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார். எனக்கு அது புரியவில்லை. கேட்டதற்கு உள்ளபடி பதில் சொல்லியாகிவிட்டது, இன்னும் ஏன் போகச் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தேன்.